தொடக்கநிலை இசை வகுப்பில் காணொளியும் கருவிகளும்

ஆறு வயது முதல் பத்து வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு இசை சொல்லித்தருவது என்றால், கேட்ட சுருதியோடு குரலைச் சேர்க்கப் பழக்குவது, காலப்பிரமாணம் ஓடாமல் தாளத்தில் நிற்க வைப்பது, பாட்டை மனத்தில் பதிய வைப்பது, காதில் விழுவதை இன்னதென்று அடையாளம் காணச் செய்வது என்பவையே முதன்மையான வேலைகள். சுரக்குறிப்பைப் பார்த்துப் படிப்பது, கருவி வாசிப்பது எல்லாம் இவற்றின் மேல்தான் எழும்புகின்றன. இந்த வேலைகள் ஒவ்வொன்றிலும் இரண்டு படிகள் உண்டு. ஆசிரியர் மாதிரியைப் பாடிக் காட்டுவது முதல் படி. பிள்ளை திருப்பிப் பாடுவதைக் கேட்டு, எங்கே இறங்கியது, எங்கே முந்தியது என்று கண்டு அங்கேயே திருத்துவது இரண்டாவது படி. ஒலிப்பதிவும் வானொலியும் காணொளியும் நூறாண்டுக்கு மேலாக முதல் படியைத் திறம்படச் செய்துவருகின்றன. இரண்டாவது படியை அவை அநேகமாகத் தொட்டதே இல்லை. வகுப்பில் தொழில்நுட்பத்தின் இடம் எது என்ற கேள்விக்கு விடை பெரும்பாலும் இந்த வேறுபாட்டிலிருந்துதான் கிடைக்கிறது.

பள்ளி இசைக்குள் இயந்திரம் நுழைந்தது யூடியூபோடு அல்ல. அமெரிக்காவின் மில்வாக்கி நகரப் பள்ளிகளில் இசைக் கண்காணிப்பாளராக இருந்த பிரான்சிஸ் எலியட் கிளார்க்கை 1911-இல் விக்டர் கிராமபோன் நிறுவனம் தன் கல்விப் பிரிவை நடத்த அழைத்துக்கொண்டது. பள்ளிகளுக்கென்றே இசைத்தட்டுகளும், தள்ளிச் செல்லச் சக்கரம் வைத்த கிராமபோன் பெட்டிகளும் வந்தன. பி.பி.சி. தன் பள்ளி ஒலிபரப்பை 1924 ஏப்ரலில் தொடங்கியபோது முதல் நிகழ்ச்சியே சர் வால்ஃபோர்ட் டேவிஸ் நடத்திய இசை வகுப்புதான். 1928-இல் வால்டர் டாம்ராஷ் அமெரிக்க என்.பி.சி. வானொலியில் பள்ளிப் பிள்ளைகளுக்கான இசை ரசனை நிகழ்ச்சியைத் தொடங்கி 1942 வரை நடத்தினார். 1939-இல் பிரிட்டனில் தொடங்கிய 'சிங்கிங் டுகெதர்' இன்னும் நீண்ட ஆயுள் கண்டது. போர்க்காலத்தில் தொடங்கிய அந்த நிகழ்ச்சியோடு சேர்ந்து பாடியே பல தலைமுறைப் பிள்ளைகள் தங்கள் நாட்டுப்புறப் பாடல்களைக் கற்றார்கள். தொலைக்காட்சியில் லியோனார்ட் பெர்ன்ஸ்டீனின் 'இளையோர் கச்சேரிகள்' 1958 முதல் 1972 வரை ஐம்பத்துமூன்று நிகழ்ச்சிகளாக வந்தன.

இந்த வரலாற்றில் பலரும் கவனிக்காத ஒன்று ஜெர்மனியில் நடந்தது. பிள்ளைகள் பேசியும் ஆடியும் கைதட்டியும் எளிய தட்டுக்கருவிகளை வாசித்தும் இசை கற்கும் ஓர்ஃப் முறையை, கருவிகளோடு ஆசிரியர் எதிரே இருந்தால்தான் நடத்த முடியும் என்று நினைக்கத் தோன்றும். ஆனால் அந்த முறை பிள்ளைகளுக்கான வடிவம் பெற்றதே வானொலிக்காகத்தான். 1948-இல் பவேரிய வானொலி, கார்ல் ஓர்ஃபிடம் பிள்ளைகளுக்கான இசைத் தொடர் ஒன்றைக் கேட்டது. அவரும் குனில்ட் கீட்மனும் அதற்காக உருவாக்கிய பயிற்சிகளிலிருந்தே 1950 முதல் 1954 வரை ஐந்து தொகுதிகள் வெளிவந்தன. ஒலிபரப்பைக் கேட்ட பிள்ளைகள் சும்மா கேட்டுக்கொண்டிராமல், கேட்டதை எடுத்துத் தாங்களே வாசித்துப் பார்க்க வேண்டும் என்பதே ஏற்பாடு. ஊடகம் எதுவானாலும், கேட்டபின் பிள்ளை என்ன செய்ய வேண்டும் என்பதைப் பாடமே தீர்மானிக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடைப்பது அரிது. ஜப்பானில் ஷினிச்சி சுசுகி வயலினுக்கு வகுத்த முறையும் ஒலிப்பதிவை நம்பியதே. பிள்ளை வாசிக்கப்போகும் உருப்படிகளை வீட்டில் தினமும் ஒலிக்கவிட வேண்டும், தாய்மொழி காதில் விழுந்து விழுந்து வருவதுபோல இசையும் வர வேண்டும் என்பது அவர் கொள்கை. அவரும் ஒலிப்பதிவை ஆசிரியருக்குப் பதிலாக வைக்கவில்லை.

கர்நாடக இசையின் தொடக்கப் பாடமும் இதே பாதையில் வந்ததுதான். வானொலியின் இசைப் பயிற்சி நிகழ்ச்சிகளைக் கேட்டு நோட்டில் சாகித்யம் எழுதிக்கொண்டவர்கள் ஒரு தலைமுறை. சரளி வரிசை முதல் கீதம் வரை ஒலிநாடாவில் வாங்கிப் பாடிப் பழகியவர்கள் அடுத்த தலைமுறை. பெங்களூரில் விமானப் பொறியாளராகவும் புல்லாங்குழல் கலைஞராகவும் இருந்த ஜி. ராஜ் நாராயண் 1970-களின் இறுதியில் தொடங்கிய ராடெல் நிறுவனத்தின் மின்னணுத் தம்புராவும் சுருதிப் பெட்டியும் வீட்டுச் சாதகத்தை மாற்றியமைத்தன. துருத்தி இழுக்க ஆள் வேண்டியிருந்த இடத்தில் ஒரு பொத்தான் போதுமென்று ஆயிற்று. இப்போது அந்தப் பெட்டியும் கைபேசிச் செயலியாகிவிட்டது. தமிழ்நாட்டில் 2018-இல் வந்த புதிய பாடநூல்களில் கியூ.ஆர். குறியீடுகள் இடம்பெற்றன; 2019 ஆகஸ்டில் கல்வித் தொலைக்காட்சி தொடங்கியது. படம் பார்த்துப் பாடம் கற்பது என்பது அரசுப் பள்ளிப் பிள்ளைக்கும் புதிதல்லாத காரியமாகிவிட்டது.

ஒலிப்பதிவு தராத எதைக் காணொளி தருகிறது என்று பார்த்தால், முதலில் வருவது கை. வீணையில் மெட்டின் மேல் விரல் எங்கே அழுந்துகிறது, கீபோர்டில் கட்டைவிரல் எப்படி உள்ளே நுழைகிறது, ரெக்கார்டர் குழலில் பின்பக்கத் துளை பாதி மூடியிருக்கிறதா என்பதெல்லாம் சொல்லி விளங்குவதில்லை. நாற்பது பிள்ளைகள் உள்ள வகுப்பில் ஆசிரியரின் விரலைப் பின்வரிசைப் பிள்ளை பார்க்க முடியாது. மேலிருந்து எடுத்த படத்தில் எல்லாப் பிள்ளைகளும் ஒரே மாதிரி பார்க்கலாம். அடுத்தது, வகுப்பறைக்கு வரவே வாய்ப்பில்லாத கருவிகள். ஜாவாவின் கேமலானையோ பைப் ஆர்கனையோ எந்தத் தொடக்கப் பள்ளியும் வாங்கி வைக்க முடியாது. நாதஸ்வரத்தின் நீளத்தையும் சீவாளி உதட்டில் பொருந்தும் விதத்தையும் அருகில் பார்த்த நகரப் பிள்ளைகள்கூடக் குறைவுதான். மூன்றாவது, வேகத்தைக் குறைக்கும் வசதி. ஒலிநாடாவைப் பாதி வேகத்தில் ஓடவிட்டால் சுருதி ஒரு ஸ்தாயி இறங்கி, பெண் குரல் ஆண் குரலாகிவிடும்; அதோடு சேர்ந்து பாட வழியில்லை. இன்றைய காணொளிகளில் முக்கால் வேகமோ அரை வேகமோ வைத்தாலும் சுருதி மாறாது. கடினமான ஒரு பிடியைப் பிள்ளை தன் சுருதியிலேயே நிதானமாகக் கேட்கலாம். சின்னதாகத் தோன்றும் இந்த மாற்றம் வீட்டுப் பயிற்சிக்குச் செய்த உதவி பெரிது.

மேலைநாட்டுத் தொடக்கப் பள்ளிகளில் மிகுதியாகப் புழங்கும் வகை, கூடவே வாசிக்கும் காணொளிகள். திரையில் தாளக்குறிகள் ஓடும், பாட்டு ஒலிக்கும், பிள்ளைகள் குறி வரும்போது தட்ட வேண்டும், ஓய்வுக் குறி வரும்போது நிறுத்த வேண்டும். 1990-களில் கிரெய்க் ராம்செல் என்ற அமெரிக்கர் உருவாக்கிய பூம்வேக்கர் என்னும் வண்ணப் பிளாஸ்டிக் குழாய்களுக்கு இப்படிப்பட்ட காணொளிகள் ஏராளம். ஒவ்வொரு சுரத்துக்கும் ஒரு நீளம், ஒரு நிறம். திரையில் சிவப்பு வந்தால் சிவப்புக் குழாய் வைத்திருப்பவர் தட்டுவார். முதல் பத்து நிமிடத்திலேயே வகுப்பு முழுதும் ஒரு பாட்டை வாசித்துவிடும். ஆசிரியருக்கும் பிள்ளைகளுக்கும் அது தரும் உற்சாகத்தைக் குறைத்துச் சொல்ல முடியாது.

இங்கேதான் கவனமும் வேண்டும். சிவப்பைக் கண்டதும் தட்டும் பிள்ளை கண்ணால் வாசிக்கிறது. காது வேலை செய்ய வேண்டிய அவசியமே வரவில்லை. திரையின் ஒலியை அடைத்துவிட்டாலும் அந்தப் பிள்ளை சரியாகத் தட்டிவிடும். அந்த வகுப்பில் நடந்தது இசைப் பயிற்சியா, நிறம் பார்த்துக் கைதூக்கும் விளையாட்டா என்ற ஐயம் நியாயமானதே. இதற்கு அனுபவமுள்ளவர்கள் கையாளும் வழி எளியது. இரண்டு முறை திரையைப் பார்த்து வாசித்தபின் மூன்றாம் முறை திரையை அணைத்துவிட்டு ஒலியை மட்டும் விடுவது. நான்காம் முறை ஒலியையும் நிறுத்திவிட்டுப் பிள்ளைகளையே நடத்தச் சொல்வது. படத்தின் துணை ஒவ்வொன்றாக விலக விலகத்தான் எது மனத்தில் தங்கியிருக்கிறது என்று தெரியும்.

பாட்டுக் காணொளியைத் தேர்ந்தெடுப்பதில் ஆசிரியர்கள் அதிகம் தவறுவது சுருதி விஷயத்தில். ஏழெட்டு வயதுப் பிள்ளையின் குரல் பெரியவர்களின் பேச்சுக் குரலைவிட மேலே இருக்கிறது. வளர்ந்த ஆண் பாடிக் காட்டினால் பல பிள்ளைகளுக்கு ஒரு ஸ்தாயி மேலே எடுத்துப் பாட வேண்டும் என்பது பிடிபடுவதில்லை. கீழே போய் முனகுகிறார்கள், அல்லது இரண்டுக்கும் நடுவில் எங்கோ நிற்கிறார்கள். பெண் குரலையோ பிள்ளையின் குரலையோ மாதிரியாகக் கேட்கும்போது சிறுவர்கள் சுருதியில் எளிதாகச் சேர்கிறார்கள் என்பது இசைக் கல்வி ஆய்வுகளில் மீண்டும் மீண்டும் கண்ட முடிவு. நடுக்கம் மிகுந்த குரலும் பிள்ளைகளைக் குழப்புகிறது. திரையிசைப் பாட்டின் கரோக்கே தடத்தை அப்படியே பள்ளி ஆண்டு விழாவுக்கு எடுத்துக்கொள்ளும்போது இந்தச் சிக்கல் தவறாமல் வருகிறது. பின்னணிப் பாடகரின் சுருதி பிள்ளைகளுக்குப் பொருந்தாது. மேலே போகும் இடத்தில் கத்துவார்கள், கீழே வரும் இடத்தில் குரலே எழும்பாது. சுருதியை ஏற்றி இறக்கும் வசதி இப்போது இலவசச் செயலிகளிலேயே இருக்கிறது. அதைப் பயன்படுத்தும் பள்ளிகள்தான் குறைவு.

கர்நாடக இசையில் இந்தக் கேள்வி இன்னும் கூர்மையானது. பிள்ளைகளுக்குப் பொதுவாக ஐந்தரை, ஆறு கட்டைச் சுருதி ஒத்துவரும். காணொளியில் பாடுபவர் தனக்கு வசதியான சுருதியில் பாடுகிறார். ஆண் வித்வான் என்றால் அது ஒரு கட்டையாகவும் இருக்கலாம். குருவின் எதிரே உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு, குரு தன் சுருதியை விட்டுக்கொடுத்துப் பிள்ளையின் சுருதியில் பாடுவார். பதிவுக்கு அந்தத் தாட்சண்யம் கிடையாது.

சரளி வரிசைக் காணொளிகள் பெரும்பாலும் ஒரே அமைப்பில் இருக்கும். மாயாமாளவகௌளையில் ஆசிரியர் ஒரு வரியைப் பாடுவார். அதே அளவு நேரம் தம்புரா மட்டும் ஒலிக்கும். அந்த இடைவெளியில் பிள்ளை திருப்பிப் பாட வேண்டும். அமைப்பு நல்லதுதான். ஆனால் இடைவெளியில் என்ன நடக்கிறது? மேல் ஷட்ஜத்திலிருந்து இறங்கி வரும்போது பல பிள்ளைகளுக்குச் சுருதி கொஞ்சம் கொஞ்சமாகத் தழைந்து, கீழ் ஷட்ஜத்துக்கு வரும்போது தம்புராவுக்குக் கீழே நிற்கிறது. அடுத்த நொடியே ஆசிரியரின் குரல் சரியான ஷட்ஜத்தில் அடுத்த வரியைத் தொடங்குகிறது. பிள்ளையும் தன்னையறியாமல் அதோடு தாவிச் சேர்ந்துகொள்கிறது. தான் இறங்கியது அதற்குத் தெரியாது. நூறு முறை பாடினாலும் நூறு முறையும் அதே இடத்தில் இறங்கும், நூறு முறையும் பதிவு அதைத் தூக்கிவிடும். நேரில் கேட்கும் ஆசிரியர் அந்தக் கீழ் ஷட்ஜத்திலேயே நிறுத்தி, தம்புராவைக் கேள் என்று சொல்லியிருப்பார். வீட்டில் காணொளியோடு மட்டும் பாடிப் பழகிய பிள்ளை தனியாகப் பாடும்போது சுருதி நில்லாமல் போவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். சுருதியைத் திரையில் கோடாகக் காட்டும் செயலிகள் இந்த இடத்தில் ஓரளவு உதவுகின்றன. ஆனால் கமகத்தின் அசைவையும் சுருதி விலகலையும் அவை ஒரே கணக்கில் எடுத்துக்கொள்வதால், வரிசைகளைத் தாண்டி ராகத்துக்குள் போகும்போது அவற்றின் தீர்ப்பை அப்படியே நம்ப முடியாது.

தாளத்துக்கு வந்தால் வேறொரு சங்கடம். ஆதி தாளத்தைத் தட்டு, சுண்டுவிரல், மோதிர விரல், நடுவிரல், பிறகு தட்டு வீச்சு, தட்டு வீச்சு என்று வலது கையால் போட வேண்டும். திரையில் எதிரே உட்கார்ந்திருப்பவரின் வலது கை பார்ப்பவருக்கு இடப்பக்கம் தெரியும். சின்னப் பிள்ளைகள் கண்ணாடியைப் பார்ப்பதுபோலப் பார்த்து இடது கையால் போடப் பழகிவிடுகிறார்கள். இதற்காகவே சிலர் படத்தை இடவலமாகத் திருப்பி வெளியிடுகிறார்கள். சிலர் தோளுக்குப் பின்னாலிருந்து படமெடுக்கிறார்கள். இரண்டாவது வழிதான் மேல். திருப்பிய படத்தில் வீணையோ வயலினோ வந்தால் எல்லாமே தலைகீழாகிவிடும்.

நேரலை வகுப்பு தனிக்கதை. கொரோனா ஊரடங்கில் உலகம் முழுவதும் இசை வகுப்புகள் திரைக்கு மாறியபோது எல்லோரும் மோதிக்கொண்ட சுவர், ஒலி தாமதம். இருவர் சேர்ந்து இசைக்க, ஒருவர் ஒலி மற்றவரை எட்டும் தாமதம் சுமார் 25, 30 மில்லி நொடிக்குள் இருக்க வேண்டும். காற்றில் ஒலி அந்த நேரத்தில் ஒன்பது, பத்து மீட்டர் போகும். ஒரு மேடையின் அகலம் அவ்வளவுதான். வழக்கமான காணொளி அழைப்பில் தாமதம் இதைப்போல் பல மடங்கு. சேர்ந்து பாடச் சொன்னால் ஒவ்வொருவரும் மற்றவருக்காகக் காத்திருந்து காலப்பிரமாணம் தேய்ந்து நின்றுவிடும். ஆசிரியர் பாட, பிள்ளைகள் தங்கள் ஒலிவாங்கியை அணைத்துவிட்டுக் கூடவே பாடுவது என்பது பொதுவாக வந்த ஏற்பாடு. அதில் ஆசிரியர் எவரையுமே கேட்க முடியாது. நேரலை வகுப்பு மீண்டும் பதிவுக் காணொளியாகவே ஆகிவிடுகிறது. ஒவ்வொருவராகத் திருப்பிப் பாடச் சொன்னால் வேலை நடக்கும், நேரம் ஆகும். தாமதத்தைக் குறைக்க ஸ்டான்ஃபோர்டில் உருவான ஜாக்டிரிப் போன்ற மென்பொருள்கள் உண்டு. அவற்றுக்குக் கம்பிவழி இணையமும் கொஞ்சம் பொறுமையும் தேவை. தொடக்கப் பள்ளிக்கு எட்டாத தூரம். 2010-இல் எரிக் விட்டேக்கர் பன்னிரண்டு நாடுகளின் 185 குரல்களைக் கொண்டு உருவாக்கிய மெய்நிகர் சேர்ந்திசையும் நேரலை அல்ல. ஒவ்வொருவரும் தனித்தனியே பாடிப் பதிந்து அனுப்பியதைக் கோத்தது. பின்னர் பல பள்ளிகள் செய்த ஊரடங்குக் கால நிகழ்ச்சிகளும் அப்படியே. பார்க்க அழகாக இருக்கும். ஆனால் பக்கத்தில் நிற்பவரின் குரலைக் கேட்டுத் தன் குரலை அடக்கிக்கொள்ளும் பாடம் அதில் கிடைப்பதில்லை.

இன்னொன்று, அழைப்பு மென்பொருள்கள் பேச்சுக்காக அமைக்கப்பட்டவை. ஒரே சீராக நீளும் ஒலியை அவை மின்விசிறிச் சத்தம் என்று கருதி வடிகட்டிவிடும். தம்புராவின் ஒலி சீராக நீள்வதே அதன் இலக்கணம். ஆகவே முதலில் பலியாவது அதுதான். அகாரத்தில் நீட்டிப் பிடிக்கும் குரலும் நடுவில் விட்டுவிட்டுக் கேட்கும். ஜூம் போன்றவற்றில் மூல ஒலியை அப்படியே அனுப்பும் அமைப்பு உண்டு. அதை இயக்குவதோடு, தம்புராவைப் பிள்ளை தன் பக்கத்திலேயே ஒலிக்கவிட்டுக்கொள்வதுதான் நடைமுறையில் கைகொடுத்தது.

திரையிலிருந்து பிள்ளைகள் எவ்வளவு கற்கிறார்கள் என்ற ஆய்வுகளில் அடிக்கடி எடுத்துக்காட்டப்படுவது பட்ரீசியா கூலும் உடன் ஆய்வாளர்களும் 2003-இல் வெளியிட்டது. ஒன்பது மாதக் குழந்தைகளுக்கு மாண்டரின் மொழியின் ஒலிகளை நேரில் பேசிக் காட்டியபோது அவர்கள் கற்றார்கள். அதே ஆட்களின் அதே பேச்சைக் காணொளியாகக் காட்டியபோது கற்கவில்லை. இது மொழி ஒலிகளைப் பற்றியது, கைக்குழந்தைகளைப் பற்றியது. எட்டு வயதுப் பிள்ளையின் இசை வகுப்புக்கு இதை அப்படியே நீட்டுவது மிகை. அந்த வயதுப் பிள்ளைகள் காணொளியிலிருந்து பாட்டையும் விரல் வைப்பையும் தாராளமாகக் கற்றுக்கொள்கிறார்கள் என்பது எந்த வீட்டிலும் பார்க்கக்கூடியது.

பார்ப்பதற்கு அல்லாமல் செய்வதற்கான கருவிகள் இன்னொரு வகை. கூகுள் 2016-இல் வெளியிட்ட குரோம் மியூசிக் லேப், உலாவியிலேயே இயங்கும் சின்னச் சின்னச் சோதனைகளின் தொகுப்பு. கட்டங்களில் புள்ளி வைத்தால் சுரம் ஒலிக்கும். மேலே வைத்தால் உயரும், வலப்புறம் வைத்தால் பின்னால் வரும். சுரக்குறிப்பு அறியாத பிள்ளை நாலு வரி மெட்டு ஒன்றைத் தானே அமைத்துவிடலாம். ஆனால் இவை எல்லாம் பன்னிரண்டு சம இடைவெளிச் சுரத்தானங்களில் நிற்பவை. ஏற்ற இறக்கம், திரும்ப வருதல், ஓய்வு இவற்றை விளக்க நன்று. கமகத்துக்கு அங்கே இடமில்லை. இவற்றையெல்லாம்விடப் பயன் மிக்கதும் குறைவாகப் பயன்படுவதும் கைபேசியின் ஒலிப்பதிவு வசதி. தான் பாடியதைத் தானே கேட்கும்போதுதான் பிள்ளைக்கு அந்தக் கீழ் ஷட்ஜம் இறங்கியது காதில் விழும். ஆசிரியரின் காதுக்கு அடுத்தபடி திருத்தும் வேலையைக் கொஞ்சமாவது செய்யும் கருவி இதுவே.

சாதனத்தின் தரமும் பாடத்தைப் பாதிக்கும். கைபேசியின் ஒலிபெருக்கி தாழ்ந்த ஒலிகளைத் தருவதில்லை. மிருதங்கத்தின் தொப்பிப் பக்கம் கிட்டத்தட்டக் காணாமலே போய், வலந்தலைப் பக்கம் மட்டும் டிக் டிக்கென்று கேட்கும். பேஸ் கிட்டாரும் தவிலின் கனமும் அப்படியே. கேட்டு அடையாளம் காணும் பாடத்தைக் கைபேசியில் நடத்தினால் பிள்ளை அடையாளம் காண்பது வேறு ஏதோ ஒரு கருவியை. புளூடூத் பெட்டி காணொளிக்குச் சரி. திரையில் தட்டி வாசிக்கும் செயலிக்கு ஆகாது. விரல் பட்டபின் ஒலி தாமதித்து வருவதால் தாளம் கெடும். கம்பியில் இணைத்த சாதாரண ஒலிபெருக்கி இரண்டு வேலைக்கும் போதும்.

விளம்பரமும் தனியுரிமையும் தனியாகப் பேச வேண்டியவை. பிள்ளைகளின் விவரங்களைப் பெற்றோர் ஒப்புதலின்றித் திரட்டியதாகக் கூகுள், யூடியூப் மீது எழுந்த வழக்கு 2019 செப்டம்பரில் 17 கோடி டாலர் அபராதத்தோடு அமெரிக்காவில் முடிந்தது. அதன்பின் 2020 ஜனவரி முதல் பிள்ளைகளுக்கானவை என்று குறிக்கப்பட்ட காணொளிகளில் தனிநபர் விவரம் சார்ந்த விளம்பரங்களும் பின்னூட்டங்களும் நிறுத்தப்பட்டன. பொதுவான விளம்பரங்கள் இன்னும் வரும். வகுப்பு நடுவே பாட்டுக்குப் பாட்டு சோப்பு விளம்பரம் வந்து காலப்பிரமாணத்தைக் கலைப்பதும் உண்டு. முன்கூட்டியே முழுதும் பார்த்துவைப்பதும், தானாக அடுத்ததற்குத் தாவும் அமைப்பை அணைத்துவைப்பதும் ஆசிரியரின் பொறுப்பு. பதிப்புரிமையைப் பொறுத்தவரை, இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957-இன் 52-ஆம் பிரிவு, கற்பித்தலின் போக்கில் ஆசிரியரும் மாணவரும் ஒரு படைப்பைப் பயன்படுத்துவதற்கு இடம் தருகிறது. வகுப்பில் பாடவைப்பதற்கும், அதையே படமெடுத்துப் பள்ளியின் பெயரில் இணையத்தில் ஏற்றுவதற்கும் வித்தியாசம் உண்டு. இரண்டாவதற்கு அந்தப் பாதுகாப்பை நம்ப முடியாது.

எல்லாவற்றையும்விடப் பொருத்தமான காணொளி, பல வகுப்புகளில், அந்த வகுப்பின் ஆசிரியரே கைபேசியில் எடுத்ததாக இருக்கிறது. ஒரு நிமிடம், இரண்டு நிமிடம் போதும். அதில் பாடும் குரல் பிள்ளைகளுக்குப் பழகியது, சுருதி அவர்களுடையது, நேற்று வகுப்பில் தடுக்கிய வரி எதுவோ அதுவே அதில் இருக்கும். பிள்ளைகள் பதிந்து அனுப்புவது ஒலியாக மட்டும் இருப்பது நல்லது. முகம் தேவையில்லை, கேட்க வேண்டியது குரலைத்தான். கை வைப்பைப் பார்க்க வேண்டுமானால் கழுத்துக்குக் கீழே எடுத்த படம் போதும். திருத்தியபின் பதிவை அழித்துவிடுவதாகப் பெற்றோரிடம் முன்பே சொல்லிவைக்கும் ஆசிரியர்களுக்குப் பதிவுகள் தயக்கமின்றி வருகின்றன.